சதுரகிரி மலை என்னும் இரட்டைப் பெயர்

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: “சதுரகிரி மலைக்கு எப்பப் போறீக?” ஆடி அமாவாசைக்கு மலையேறப் போகிற குடும்பம் அரிசி பருப்பு மூட்டை கட்டும் பேச்சுக்கு நடுவே வரும் எளிய கேள்விதான். ஆனால் சொல்லின்மேல் காதல் கொண்டவர்கள் அந்த இடத்தில் சற்றே நின்றுவிடுவோம். கிரி என்றாலே மலை. அப்படியானால் சதுரகிரி மலை என்பது சதுரமலை மலை ஆகிறதே!

இலக்கணம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. மீமிசை என்பது போல ஒருபொருட்பன்மொழி என்று அரவணைத்துக்கொள்ளும். ஆயினும் இங்கே மக்கள் இரண்டு சொல்லை அடுக்கியதற்குக் காரணம் சிறப்பு நோக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிரி என்ற வடசொல் பெயருக்குள் போய் உறைந்து, தன் பொருளை இழந்து, வெறும் ஒலியாக நின்றுவிட்ட பிறகு, அது இன்ன பொருளின் பெயர் என்று சுட்டத் தமிழுக்கு மீண்டும் ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது. தெற்கே சற்றுத் தள்ளி இருக்கும் சிவகிரியை நினைத்துப் பாருங்கள். அங்கே கிரி ஓர் ஊரின் பெயராகிவிட்டதால் அதன்மேல் யாரும் மலையை ஏற்றுவதில்லை. சதுரகிரியோ இன்னும் மலையாகவே நிற்கிறது. ஆகவே மலை என்ற சொல்லும் கூடவே நிற்கிறது.

கிரி, அசலம் என்ற வடசொற்கள் நம் மலைப்பெயர்களில் ஏறிய வரலாறு தனிச்சுவை உடையது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய ஊர் பழமலையாகவும் விருத்தாசலமாகவும் ஆயிற்று. அங்கே பொருள் சிதையாமல் மொழி மட்டும் மாறியது. அழகர்மலைச் சிலம்பாற்றுக்கு நேர்ந்தது வேறு. சிலம்பு என்றால் மலை. மலைநாட்டுத் தலைவனுக்குச் சிலம்பன் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழிசொல்லும் பகுதியில் இந்தச் சிலம்பாறு வருகிறது. மலையிலிருந்து வருவதால் சிலம்பாறு. பின்னால் வந்தவர்கள் சிலம்பைக் காலில் அணியும் நகையாகக் கொண்டு அதை நூபுரகங்கை என்று பெயர்த்துவிட்டார்கள். பெயர்ப்புக்கு ஏற்ற கதையும் பிறகு பிறந்தது. ஒரு சொல்லின் இரு பொருளில் எதைப் பிடிப்பது என்பதைப் பொறுத்து ஓர் ஆற்றின் பிறப்பே மாறிவிடுகிறது. சதுரகிரியின் முதற்பாதியிலும் இத்தகைய இருபொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது.

சதுர் என்பது நான்கு. வடமொழியிலிருந்து வந்து தமிழில் அது போட்ட கிளைகளை எண்ணி முடியாது. கல்வெட்டுகளில் சதுர்வேதிமங்கலம், காவிரிப்பூம்பட்டினத்தில் பூதம் காவல் நின்ற சதுக்கம், நாற்படையை மரக்காய்களாக்கி ஆடும் சதுரங்கம், அமாவாசைக்கு முந்தின திதியாகிய சதுர்த்தசி. சதுக்கமே தேய்ந்து சவுக்கமாகி, நான்கு முனை கொண்ட துணிக்கும் பெயராகி, பாகவதர் தோளிலும் ஏறியது. சதுரம் என்ற வடிவப்பெயரும் இந்தக் குடும்பமே. மலையைப் பற்றிய கதைகள் எல்லாம் இந்தப் பொருளைத்தான் பற்றிக்கொள்கின்றன. இந்திரகிரி, ஏமகிரி, வருணகிரி, குபேரகிரி என்ற நான்கும் நாற்றிசையிலும் சூழ நிற்பதால் சதுரகிரி என்பது ஒரு மரபு. திசைக்கு நான்காகப் பதினாறு மலைகள் என்பது இன்னொன்று. நால்வேதமே நான்கு மலையாக நின்றது என்பது மற்றொன்று.

ஆனால் தமிழில் சதுருக்கு இன்னொரு பொருளும் உண்டு. திறமை, கெட்டிக்காரத்தனம். சதுரன் என்றால் வல்லவன். சதுரப்பாடு என்றால் ஆற்றல். இது நான்கு என்ற சொல்லோடு உறவில்லாத வேறொரு வடசொல். தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஒரே உருவில் நின்றுவிட்டன. மாணிக்கவாசகர் தம்மைக் கொடுத்து இறைவனைப் பெற்றுக்கொண்ட பண்டமாற்றில், இருவருள் சதுரர் யார் என்று இறைவனையே கேட்கிறார். அவ்வளவு அன்போடு கெட்டிக்காரத்தனத்தை அளந்த சொல் அது. சித்தர்கள் உறையும் மலை என்று ஊரே நம்பும் இடத்தை வல்லவர்களின் மலை என்று படிக்க எவருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் சதுரர் கிரி என்று விரித்தால் இடையில் நிற்கும் ரகர ஒற்று தொலைந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்; சதுர் கிரி என்று பிரித்தாலோ இடையில் அகரம் முளைத்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சதுரம் என்ற மகர ஈற்றுச் சொல் ஈறுகெட்டு கிரியோடு சேர்ந்தது என்று கொண்டால் மட்டும் ஒரு கணக்கும் பாக்கி இல்லை. பொருளாசைக்காக ஒலியை வளைப்பது சொல்லாராய்ச்சிக்கு ஆகாது. சதுரவடிவ மலை என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சதுரத்தை யாரும் மலைப்பாதையில் கண்டதில்லை. நாற்றிசை மலையையும் ஒருசேரக் காண வானத்திலிருந்து பார்க்க வேண்டும். அல்லது அகக்கண்ணில் காண வேண்டும். தலபுராணம் படைப்பவர் அப்படித்தான் பார்த்திருப்பார். ஏறுகிறவன் கண்ணுக்குத் தெரிவது அடுத்த பாறை, அடுத்த ஓடை, அடுத்த நிழல். ஆகவே இந்த மலைக்கு இரண்டு வகைப் பெயர்கள் வாய்த்தன. ஒட்டுமொத்தத்துக்கும் உச்சியில் இருக்கும் தெய்வங்களுக்கும் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம், ஆனந்தவல்லி என்று வடமொழி ஓசை ததும்பும் பெயர்கள். அடிவாரம் தொட்டு மேலே போகிற வழிக்கோ தாணிப்பாறை, மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, பசுக்கிடை, நாவல் ஊற்று, பிலாவடி என்று கால்கள் வைத்த பெயர்கள். எனக்கு இந்த இரண்டாம் வகையின்மேல்தான் மோகம் அதிகம்.

தாணிப்பாறையில் தொடங்குவோம். மலையின் பெரும்பகுதி மதுரை மாவட்டச் சாப்டூர்க் காட்டுக்குள் வந்தாலும், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புப் பக்கமிருக்கும் இந்தத் தாணிப்பாறைதான் பெருவழியின் வாயில். தாணி என்பது என்ன? தனிநெடிலை அடுத்து வரும் ‘ன்ற’ என்ற மெய்ம்மயக்கம் பேச்சில் ஒற்றை ணகரமாக ஒடுங்குவது தென்பாண்டித் தமிழின் மாறாத வழக்கம். மூன்று மூணு ஆகிறது. தோன்றுகிறது என்பது தோணுது ஆகிறது. கம்பு ஊன்றி நடக்கும் கிழவி கம்பை ஊணி நடக்கிறாள். அதே வழியில் தான்றி தாணி ஆகும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்று நாட்டு மருந்துக்கடையில் திரிபலைக்குக் கேட்கிறோமே, அந்தத் தான்றி. மூலிகைக்குப் பேர்போன மலையின் வாசலில் திரிபலை மரம் ஒன்று பெயராக நிற்பதாகவே நான் இதைப் படிக்கிறேன். ஒலியும் இடமும் இரண்டுமே சான்று சொல்ல வருகின்றன.

இங்கே இன்னொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. இந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவு மலையாள நாடு. கிழக்கே இராசபாளையத்தில் விசயநகர காலத்து இடப்பெயர்ச்சியின் வழிவந்த இராசுக்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். ஒரே மரத்தை மலையாளி தான்னி என்கிறான். தெலுங்கர் தானி என்றும் தாண்ட்ர என்றும் சொல்கிறார்கள். மரத்தை விட்டு மலைக்கே வந்தாலும் இதே கதைதான். நாம் குன்று என்று எழுதுவதை மேற்கே குன்னு என்கிறார்கள். இராசபாளையத்து வீட்டுத் திண்ணையில் அது கொண்ட. பன்றியைப் பாருங்கள்: நம் பேச்சில் பண்ணி, மலையாளத்தில் பன்னி, தெலுங்கில் பந்தி. எழுத்தில் நாம் காத்து வைத்திருக்கும் ‘ன்ற’ என்ற வல்லோசை, மலைக்கு அந்தப்பக்கம் மென்மையாகவும் இந்தப்பக்கத் தெலுங்கில் வேறொரு வன்மையாகவும் பிரிந்து போயிருக்கிறது. ஒரு மலையைச் சுற்றி வாழும் மூன்று மொழியாரும் அதைத் தங்கள் தங்கள் வாயால் ஒரே வேரிலிருந்துதான் அழைக்கிறார்கள் என்று அறியும்போது நெஞ்சு விம்முகிறது.

அடுத்தது வழுக்குப்பாறை. பொருளில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. ஓடைநீர் பரவிப் பாசி படர்ந்த பாறையில் கால் நில்லாது. ஆனால் வேரைப் பாருங்கள்: வழு. நாம் இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படித்தோமே, அதே வழு. நெறியிலிருந்து சறுக்கிய சொல் வழு, சறுக்காதது வழாநிலை, சறுக்கினாலும் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. முதலில் கால்தான் வழுக்கியிருக்க வேண்டும். மொழி பின்னால் வழுவியது. இலக்கணம் தன் கலைச்சொல்லைப் பாறையிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பத்துப்பாட்டில் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் இருக்கிறது. நன்னனைக் காணப் போகும் கூத்தர்க்கு, முன்னே போய்வந்தவன் மலைவழியைச் சொல்லும் பாட்டு. பாசி மூடி அடி தளரச் செய்யும் இடங்களைப் பற்றி அதில் பெருங்கௌசிகனார் எச்சரிக்கிறார்; அங்கே வழியோரத்து நுண்ணிய மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்துபோங்கள் என்கிறார். மலைநடைக்கு இவ்வளவு பழைய வழிகாட்டி எத்தனை மொழிக்கு வாய்த்திருக்கும்! வழுக்குப்பாறைக்கும் அடுத்து வரும் சங்கிலிப்பாறைக்கும் நடுவே நிற்கும்போது அந்த அடிகள் நினைவுக்கு வராமல் போகாது. அன்று மூங்கில், பின்னால் சங்கிலி.

சங்கிலி வடசொல்லின் திரிபு. அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். ஆனால் நாள்தோறும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். தொடர். சோழன் செங்கணானின் சிறையிலிருந்து சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகக் கிடைக்கும் புறநானூற்று 74ஆம் பாட்டில், சங்கிலியில் கட்டுண்ட நாயைத் தொடரில் பட்ட நாய் என்றுதான் குறிக்கிறான். தொடு என்னும் வேர் ஒன்றை ஒன்று தீண்டுவதைச் சொல்லி, பூவைப் பூவோடு தொடுப்பதைச் சொல்லி, வளையத்தோடு வளையம் கோத்த தொடராகி, சொல்லோடு சொல் கோத்த சொற்றொடராகி, மலையோடு மலை கோத்த மலைத்தொடராகவும் ஆயிற்று. ஆங்கிலேயர் நம் மேற்கு மலைகளை வடக்கத்தியச் சொல்லால் ‘காட்’ என்றார்கள். அது படித்துறைக்கும் மலையைக் கடக்கும் வழிக்கும் உரிய பெயர். கடலோரமாக வந்து உள்நாட்டுக்கு ஏறியவர்கள் கண்ணுக்கு அது படியாகத் தெரிந்திருக்கும். சமவெளியில் நின்று மேற்கே பார்க்கும் நமக்கு வடக்கிலிருந்து தெற்குவரை அறுபடாத கண்ணிகள். மேற்குத் தொடர்ச்சி மலை என்ற பெயரைப் பாடநூல் தமிழ் என்று கருதி நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். சங்கிலிப்பாறையில் கைப்பிடித்து ஏறியவர்களுக்கு அதன் அழகு விளங்கும்.

ஓடைகளைப் பற்றி ஒன்று மட்டும். ஆறு என்ற சொல் நீருக்கும் வழிக்கும் பொது. ஆற்றுப்படை என்பதில் அது வழி. சதுரகிரிப் பாதை ஓடையை விட்டு விலகுவதும் அதன் குறுக்கே இறங்குவதுமாகவே போகிறது. மேலே மழை பெய்தால் வழியாகிய ஆறு நீராகிய ஆறாகிவிடும். 2015 மே மாதம் தாணிப்பாறைப் பக்கம் திடீரெனப் பெருக்கெடுத்த காட்டாற்றில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்கு மட்டுமே பாதையைத் திறந்துவந்தது. அந்தக் கட்டுப்பாடு சிலருக்கு வருத்தம் தந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பசுக்கிடைக்கு வருவோம். சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை என்று இரண்டு. கிடத்தலின் பெயர் கிடை. நோயில் விழுந்தவர் கிடையாய்க் கிடக்கிறார். நிமிர்ந்தது செங்குத்து என்றால் படுத்தது கிடைமட்டம். ஆனால் கரிசல்காட்டில் கிடை என்றதும் மனத்தில் எழுவது இரவில் மந்தை அடங்கிக் கிடக்கும் இடம்தான்; கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்கே கிடை என்று பெயரிட்டார். சமவெளியில் உரத்துக்காக வயலில் கிடை போடுவார்கள். மலையிலோ அது மேய்ச்சலுக்குப் போன மாடுகள் படுத்து அசைபோடும் திட்டு. தலத்தின் கதையும் இங்கேதான் வேர் விடுகிறது. பச்சைமால் என்ற ஆயன், பசுவின் மடியில் பால் குடித்த துறவியைக் கம்பால் அடித்துவிட, வந்தவர் சிவன் என்று தெரிந்ததாம். மகாலிங்கம் ஒருபக்கம் சாய்ந்து நிற்பதற்கு அந்த அடியே காரணம் என்பார்கள். பச்சைமாலின் மனைவி பெயர் சடைமங்கை. எவ்வளவு தமிழான பெயர்கள்! லிங்கத்தின் பெயரிலும் மலையின் பெயரிலும் வடமொழி ஏறிய பிறகும், மாடு மேய்த்தவனின் பெயரையும் அவன் மாடு கிடந்த இடத்தின் பெயரையும் யாரும் பெயர்க்கத் துணியவில்லை.

பிலாவடிக் கருப்பசாமி காவல் தெய்வம். பலாவைப் பிலா என்பது தென்னாட்டு வழக்கு. மேற்குச் சரிவில் அது ப்லாவு. பிலாமரத்தடியில் இருப்பவர், ஆகவே பிலாவடி. மரம்தான் முகவரி.

பாதையை விட்டுச் சற்றே தலைதூக்கிச் சிகரங்களைப் பார்த்தால் அங்கேயும் பெயர்கள் படிந்து கிடக்கின்றன. இந்தப் பகுதியில் உச்சிகளுக்கு மொட்டை என்று பெயர். பேய்மலை மொட்டை, வாசுதேவநல்லூர் மொட்டை. பள்ளங்களில் மட்டும் சோலை அடர்ந்து, மேல்முகடெல்லாம் புல்லாகக் கிடக்கும் உயர்மலையின் இயல்பை ஒரே சொல்லில் அடக்கியவர்கள் நிச்சயம் அடிக்கடி அண்ணாந்து பார்த்தவர்கள். மேற்கே இன்று மேகமலை என்று சுற்றுலா போகிறோமே, அதற்குப் பச்சைக்கூமாச்சி என்றொரு பெயர் உண்டு. கூம்பிய உச்சி கூமாச்சி. தேயிலை நட வந்தவர்கள் அதை ஹைவேவிஸ் என்றார்கள்; அது இன்று ஒரு பேரூராட்சியின் பெயராக நிலைத்துவிட்டது. அடிவாரத்துக் கூமாபட்டியைக் கூமாச்சியோடு முடிச்சுப்போட எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஓசை ஒத்தது என்ற ஒன்றை வைத்து உறவு சொல்லலாகாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

1988இல் இங்கே அமைந்த அணில் சரணாலயத்தைச் சாம்பல்நிற அணில் சரணாலயம் என்று எழுதுகிறார்கள். நரை அணில் என்பாரும் உண்டு; என் வாக்கு அவர்களுக்கே. கருமையும் வெண்மையும் மயிருக்கு மயிர் கலந்து நிற்பதுதானே நரை! 2021இல் இந்தச் சரணாலயம் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

இனி, ஏறுவதற்கே வைத்த பெயர். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு வனத்துறை 40 மலைப்பாதைகளை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்ட செய்தி வந்தபோது, நாளிதழ்கள் மலையேற்றம் என்றே எழுதின. விடுமுறையில் உடம்பு வியர்க்க நடந்து காடு பார்த்துத் திரும்பும் இன்பத்துக்கு இந்தச் சொல் இப்போது நிலைபெற்றுவிட்டது. ஆனால் தென்மாவட்டக் காதுக்கு மலையேறுதல் வேறொன்று. கொடைவிழாவில் சாமியாடியின் உடலை விட்டு அருள் இறங்கும் நேரத்தில் “சாமி மலையேறிருச்சு” என்பார்கள். எரிந்த விளக்கை அணைந்தது என்று சொல்ல வாய் கூசி மலையேறியது என்பார்கள். கண்முன் இருந்த ஒரு பழக்கம் இல்லாமற்போனால் அந்தக் காலம் மலையேறிப்போச்சு. தெய்வத்தின் வீடு மலை. இங்கே வேலை முடிந்ததும் தெய்வம் வீட்டுக்குத் திரும்புகிறது. முருகனைச் சேயோன் என்று மைவரை உலகத்தில் குடிவைத்த தொல்காப்பியத்தின் நினைவு அந்தப் பேச்சுவழக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே சதுரகிரிக்கு ஏறுகிறவர்களைப் பற்றி “மலையேறிட்டாங்க” என்று சொல்ல எங்கள் பக்கத்துக் கிழவிகள் கொஞ்சம் தயங்குவார்கள். “மலைக்குப் போயிருக்காக” என்பார்கள். போவதென்றால் திரும்பி வருவதும் உண்டு.

மகாலிங்கத்தையும் தாண்டி மேலே போனால் தவசிப்பாறை. தபசு என்ற வடசொல்லின் பகரம் தமிழில் வகரமாக இளகித் தவசு ஆயிற்று. தவம் செய்பவன் தவசி. சங்கரன்கோயிலில் மட்டும் ஆடித்தபசு என்று பகரம் கெட்டியாக நிற்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே பெருந்தூரம் இல்லை. ஒரு சொல் அதற்குள் உருவம் மாறி நிற்கிறது. தவசி மலையிலேயே இருந்துவிடவும் இல்லை. மடங்களில் துறவியர்க்குச் சமைத்துப் போட்டவர் தவசிப்பிள்ளை ஆனார். பிறகு சைவ வீட்டுச் சமையற்காரரும் தவசிப்பிள்ளை ஆனார். மலைமேல் ஏறியவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றிய மடத்துக்குக் கஞ்சிமடம் என்றே பெயர். தவசிப்பாறையிலிருந்து இறங்கிவந்து அந்த மடத்து வாசலில் கையில் தட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு அகப்பையோடு வந்தவரும் ஒரு தவசிப்பிள்ளையே.